ஐந்தாம் நாள் மிளகு

தீபாவளி முடிந்த பத்து நாளைக்குப் பெருமாநல்லூர் ரோட்டில் நின்று பார்த்தால் இது திருப்பூர்தானா என்று சந்தேகம் வந்துவிடும். கம்பெனி வண்டிகள் இருக்காது. டீக்கடை பெஞ்சில் ஆள் இருக்காது. தெற்கத்திக்காரர்கள் ஊருக்குப் பஸ் ஏறியிருப்பார்கள், வடக்கத்திக்காரர்கள் ரயில் ஏறியிருப்பார்கள், முதலாளிகள்கூடப் பகல் தூக்கம் போடுவார்கள். வேலை இருப்பது ஃபிட்டர்களுக்கு மட்டும்தான். வருஷம் முழுக்க ஓய்வில்லாமல் ஓடுகிற நிட்டிங் மெஷின்களைப் பிரித்து, ஊசிகளைக் கழற்றித் துடைத்து, எண்ணெய் போட்டு மாட்டுவதற்கு அவர்களுக்கு வேறு நாள் வாய்க்காது.

முருகவேல் அப்படியொரு ஃபிட்டர். பொன்னுச்சாமிக் கவுண்டரின் யூனிட்டில் பதினாறு வருஷமாக இருக்கிறான். அந்தக் கந்த சஷ்டி வாரத்தில் பன்னிரண்டு மெஷினும் அவனும் மட்டும்தான் அந்த ஷெட்டுக்குள் இருந்தார்கள். மெஷின்கள் ஓடவில்லை; அவன் சாப்பிடவில்லை.

சஷ்டி விரதம் அவன் வீட்டுக்குப் புதிதல்ல. நெசவு செய்து வந்த முதலியார் குடும்பம். முருகன் பெயர் இல்லாமல் ஒரு தலைமுறையும் போனதில்லை. ஆனால் இவன் விரதம் இருந்த லட்சணம் ஊருக்கே தெரியும். ஒருபொழுது விரதம் என்று சொல்லிக்கொண்டு கோயில் பஞ்சாமிர்தத்துக்கு இரண்டு தரம் கை நீட்டுகிற ரகம். இந்த வருஷம்தான் மிளகு விரதம் எடுத்தான். முதல் நாள் ஒரு மிளகு, இரண்டாம் நாள் இரண்டு, இப்படியே ஆறாம் நாள் ஆறு. தண்ணீர் குடிக்கலாம். வேறு எதுவும் பல்லில் படக்கூடாது. கையில் காப்புக் கட்டும்போதே, ஒரு பொட்டுக் குறையாமல் ஆறு நாளும் இருந்து முடித்தால் தேஜஸ்ரீ எழுந்துவிட வேண்டும் என்று சாமியிடம் பேசி முடித்துவிட்டான்.

தேஜஸ்ரீ அவன் மகள். எட்டு வயது. ரத்தப் புற்று என்று தெரிந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. மருந்தில் ஒருமுறை அடங்கி, மறுபடி வந்து, கடைசியில் ஸ்டெம்செல் மாற்றினால்தான் பிழைப்பாள் என்றார்கள். அரைப் பொருத்தம் இருந்த அப்பனே கொடுத்தான். ஆடி மாதம் அவனிடமிருந்து எடுத்த ஸ்டெம்செல் அவள் எலும்புக்குள் போய் வேர் பிடித்தது. டாக்டர் அனுப்பிரியா, இனி இவளுக்கு உடம்புக்குள் ஓடுவது உங்கள் ரத்தம்தான் என்று சொன்னபோது முருகவேல் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை. தீபாவளிக்கு முன்னால் அவளுக்குக் காய்ச்சல் வந்தது, வயிற்றுப்போக்கு வந்தது. மறுபடி கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவு போட்ட தனி அறை. அம்மா ஜெயபாரதி மட்டும் உள்ளே இருக்கலாம். மற்றவர்கள் உடம்பில் சத்தமில்லாமல் தூங்கிக் கிடக்கிற ஒரு வைரஸ், எதிர்ப்பு இல்லாத இந்த உடம்பில் எழுந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். அது மசியவில்லை.

அனுப்பிரியா அவனுக்கு விளக்கிச் சொன்னாள். கோபிப் பக்கத்துப் பெண், பேச்சு நிதானமாக இருக்கும். உங்கள் மகளுடைய உடம்பில் முளைத்திருக்கிற எதிர்ப்பு அணுக்களெல்லாம் நேற்றுப் பிறந்த குழந்தைகள். இந்த வைரஸின் முகத்தை அவை பார்த்ததே இல்லை. ஆனால் உங்களுக்கு எப்போதோ சின்ன வயசில் இதே வைரஸ் வந்து போயிருக்கிறது. அதன் முகம் தெரிந்த அணுக்கள் உங்கள் ரத்தத்தில் கொஞ்சம் உண்டு, சோதித்துப் பார்த்துவிட்டோம். அதை மட்டும் காந்தத்தால் பொறுக்கி எடுத்து அவளுக்கு ஏற்ற ஏற்பாடு செய்கிறோம். கூப்பிட்ட அன்றைக்கு வந்துவிடுங்கள், அதுவரைக்கும் நன்றாகச் சாப்பிடுங்கள், நன்றாகத் தூங்குங்கள்.

முருகவேல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். நன்றாகச் சாப்பிடுங்கள் என்பதை டாக்டர்கள் எல்லாரிடமும் சொல்கிற மரியாதைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டான். படித்தவர்கள் சொல்வதில் எதை மனதில் வைக்க வேண்டும், எதைக் காற்றில் விட வேண்டும் என்று தனக்குத் தெரியும் என்கிற நினைப்பு நம் ஆட்களுக்கு எப்போதும் உண்டு.

விரதத்தின் முதல் இரண்டு நாள் தலைவலி. மூன்றாம் நாள் பசி போய்விட்டது. நான்காம் நாள் உடம்பே போய்விட்ட மாதிரி இருந்தது. ஷெட்டின் மேல்ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக இறங்கும். அதில் பஞ்சுத்தூசி மிதந்துகொண்டிருக்கும். வருஷம் முழுக்க மூக்கைக் கட்டிக்கொண்டு விரட்டிய தூசிதான். இப்போது அவன் ஊசியைத் துடைப்பதை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எங்கேயோ போக வேண்டிய சின்னச் சின்ன ஆட்கள் அவசரமில்லாமல் நடந்து போவதுபோல் இருந்தது. ஒன்றிரண்டு அவன் கை மயிரில் வந்து உட்கார்ந்தன. ஊதித் தள்ள மனசு வரவில்லை.

இந்தத் தூசியால்தான் அவன் நான்கு மாதமாக மகளைத் தொடவில்லை. பூஞ்சை ஏதும் ஒட்டிக்கொண்டு போய்விடக்கூடாது என்று அருள்புரத்து வீட்டை அவர்களுக்கு விட்டுவிட்டு யூனிட் அறையிலேயே படுத்துக்கொண்டான். அதனால் அப்பனும் மகளும் குடும்பம் நடத்தியதெல்லாம் ஃபோனில். சாயந்திரம் ஐந்தரைக்கு வீடியோவில் வருவாள். தலையில் முடி இல்லாத, கன்னம் வற்றிய முகம். கண் மட்டும் பெரிதாக. விரதம் தொடங்கியதிலிருந்து அவளுக்குக் கேட்க ஒரே கேள்விதான்: இன்னைக்கு எத்தனை மிளகு? அவன் உள்ளங்கையில் வைத்துக் காட்டுவான். அவள் விரலை நீட்டி எண்ணிச் சரிபார்ப்பாள். ஜெயபாரதி பக்கத்தில் நின்று சிரிப்பாள். குழந்தைக்கு ஒரு விளையாட்டுக் கிடைத்ததே என்று அவளுக்கு நிம்மதி.

அந்த நான்கு நாளும் முருகவேலுக்கு ஒரு நம்பிக்கை பிடித்துக்கொண்டது. தான் சாப்பிடாமல் விடுகிற ஒவ்வொரு வாயும் எப்படியோ அவளுக்குப் போய்ச் சேருகிறது என்று தோன்றியது. அந்த நினைப்பில் அவன் சந்தோஷமாகவே இருந்தான். உண்மையைச் சொன்னால், ஒன்றரை வருஷத்தில் அவன் சந்தோஷமாக இருந்தது அந்த நான்கு நாள்தான்.

ஐந்தாம் நாள் காலையில் ஐந்து மிளகை மென்று தண்ணீர் குடித்தபோது ஃபோன் வந்தது. வைரஸ் அளவு ஏறிவிட்டது, எல்லாம் தயாராக இருக்கிறது, இன்றைக்கே எடுத்துவிடலாம், வாருங்கள் என்றார்கள். அவன் குளித்து வெள்ளைச் சட்டை போட்டு பஸ் ஏறினான். அவிநாசி தாண்டும்போது ரோடு மெதுவாக ஆடியது. ரோட்டோர மரங்கள் நடந்துவந்து ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. அவனுக்கு அது விசேஷமாகப் படவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் சித்ராதேவி ரத்த அழுத்தம் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள். இரண்டு குழாய் ரத்தம் எடுக்க நரம்பு தேடுவதற்குள் அவளுக்கு நெற்றி வேர்த்துவிட்டது. போய் அனுப்பிரியாவைக் கூட்டிவந்தாள்.

"காலையில என்னங்க சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள் டாக்டர்.

"அஞ்சு மொளகுங்க."

அனுப்பிரியா அவன் கையிலிருந்த மஞ்சள் காப்பைப் பார்த்தாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஐந்து நாள் பட்டினி கிடந்த உடம்பில் அணுக்களைப் பிரித்தெடுக்கிற மெஷினை மாட்டினால் பாதியில் மயங்கிவிடுவீர்கள் என்றாள். அது போகட்டும்; பட்டினியில் நமக்கு வேண்டிய அணுக்களே ரத்தத்தில் குறைந்துபோகும், போன வாரம் இருந்ததில் பாதிகூட இன்றைக்கு இல்லை என்றாள். இப்போதே சாப்பிட ஆரம்பித்து நாளைக் காலை வரைக்கும் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்தால் நாளைக்கு எடுக்கலாம்.

நாளைக்குச் சாயந்திரம் சூரசம்ஹாரம், அதோடு விரதம் முடிந்துவிடும், நாளை மறுநாள் எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று அவன் கேட்டான். குரல் கெஞ்சியது. சாமியிடம் ஆறு நாள் என்று சொல்லியிருக்கிறான். ஐந்தாம் நாள் உடைத்தால் அந்தக் குற்றம் யார் தலையில் இறங்கும்? அவன் தலையில் இறங்கினால் பரவாயில்லை. இறங்குகிற இடம் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கமாக இருந்துவிட்டால் என்ன செய்வான்? அதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

அனுப்பிரியாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். மகளுடைய தாள்களை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தாள். வைரஸ் எண்ணிக்கை, எடை, காய்ச்சல். ஒரு நாள்கூடத் தள்ள முடியாது என்பதற்கு ஒவ்வொன்றாகக் காட்டினாள். கடைசித் தாள் சாப்பாட்டுக் குறிப்பு. தீபாவளிக்கு மறுநாள் வரைக்கும் அரைக் கிண்ணம் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று விட்டுவிட்டாள், வைரஸ் குடலைப் பிடித்துவிட்டது என்று நினைக்கிறோம், இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும் என்றாள். "ஒண்ணே ஒண்ணுதான் ஆறுதலுங்க. குடிக்கறது கொஞ்சங் கொஞ்சமா ஏறுது."

முருகவேல் அந்தத் தாளைப் பார்த்தான். தேதிக்கு நேராக நர்ஸ் எழுதியிருந்தது. ஒரு ஸ்பூன். அடுத்த நாள் இரண்டு ஸ்பூன். அடுத்து மூன்று. நேற்று நான்கு. இன்று காலை ஐந்து ஸ்பூன், அதற்குமேல் மறுத்துவிட்டாள்.

மெஷின் ஓடும்போது எந்த ஊசி உடைந்தது என்று துணியில் விழுந்த கோட்டைப் பார்த்தே சொல்லிவிடுகிறவன் அவன். இதைப் படிக்க அவனுக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. குடலும் இல்லை, வைரஸும் இல்லை. ஃபோனில் மிளகை எண்ணியது விளையாட்டு இல்லை. அப்பன் இருக்கிற விரதத்தை மகளும் இருந்துகொண்டிருக்கிறாள், ஒரு நாள் பிசகாமல், யாரிடமும் சொல்லாமல்.

அவன் டாக்டரிடம் சொன்னபோது அவளும் தாளை வாங்கி ஒருமுறை பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை பேர் தினமும் அதைப் பார்த்தோம் என்று மட்டும் சொன்னாள்.

கேன்டீனில் நான்கு இட்லி வாங்கினான். காப்பை அவிழ்க்க முடிச்சு வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தான். அவிழ்த்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். தண்ணீர் பாட்டிலில் ஃபோனைச் சாய்த்து வைத்து ஜெயபாரதியைக் கூப்பிட்டான். பிள்ளையைக் காட்டச் சொன்னான்.

சாயந்திரம் வர வேண்டிய அப்பா மத்தியானமே வந்ததில் தேஜஸ்ரீக்கு ஆச்சரியம். ஆனால் அவள் கண் முதலில் போனது அவன் கைக்கு.

"காப்பு எங்கீங்கப்பா?"

"அவுத்துட்டேன் கண்ணு."

"நாளைக்குத்தானே ஆறு மொளகு?"

இந்த வருஷம் ஐந்து நாள்தான் என்று ஐயர் சொல்லிவிட்டார் என ஒரு பொய்யை அவன் படி இறங்கும்போதே தயார் செய்து வைத்திருந்தான். அந்தக் கண்ணுக்கு முன்னால் அது வாயிலிருந்து வரவில்லை.

"என்னால முடியல சாமி. நான் பட்டினி கெடந்தா டாக்டரம்மா எங்கிட்ட ரத்தம் எடுக்க மாட்டாங்க. உனக்குக் குடுக்க வேண்டியது எங்கிட்ட இருக்குது. அதக் குடுக்காம விரதம் இருந்து என்ன பண்ணப் போறேன்?"

"முருகன் கோவிச்சுக்குவாரு."

"எம்மேல கோவிச்சுக்கட்டும். நான் போய்க் கால்ல உளுந்துக்கறேன். நீ சாப்பிடு."

ஜெயபாரதிக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் முகம் ஃபோனில் பாதிதான் தெரிந்தது. அந்தப் பாதியும் முந்தானைக்குள் போய்விட்டது. தேஜஸ்ரீ அசையவில்லை. நீங்கள் முதலில் என்றாள். தட்டைக் காட்டச் சொன்னாள். அவன் காட்டினான். இட்லியைப் பிட்டுச் சாம்பாரில் தொட்டு வாயில் வைத்தான். ஐந்து நாள் மூடிக் கிடந்த தொண்டை அதை வாங்க மறுத்தது. அவன் தண்ணீர் குடித்து விழுங்கினான். பக்கத்து மேஜைக்காரர் இந்த ஆள் இட்லியைப் பார்த்து ஏன் இப்படிக் கண் கலங்குகிறான் என்று திரும்பிப் பார்த்தார். இரண்டாவது வாய் கொஞ்சம் சுலபமாக இறங்கியது. அங்கே ஜெயபாரதி ஸ்பூனை நீட்டினாள். தேஜஸ்ரீ அப்பாவைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தாள். அவன் ஒரு வாய், அவள் ஒரு ஸ்பூன் என்று அது நடந்தது. அவன் நான்கு இட்லி முடித்து இன்னும் இரண்டு வாங்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலையில் அவனைச் சாய்வு நாற்காலியில் படுக்க வைத்தார்கள். இரண்டு கையிலும் ஊசி. ஒரு கை வழியாக ரத்தம் போய், பக்கத்தில் இருந்த மெஷினுக்குள் சுற்றி, வேண்டியதைக் கொடுத்துவிட்டு இன்னொரு கை வழியாக உள்ளே வந்தது. உள்ளே ஒரு சக்கரம் சுழலும் சத்தம். சுருதி சுத்தமாக இருக்கிறது, பேரிங் நன்றாக இருக்கிறது என்று சித்ராதேவியிடம் சொன்னான். உதடு மரமரத்தது; அதற்கு ஒரு மாத்திரை கொடுத்தாள். நான்கு மணி நேரம் கையை மடக்காமல் படுத்திருக்க வேண்டும் என்றாள்.

எந்த வயசில் தனக்கு அந்தக் காய்ச்சல் வந்திருக்கும் என்று அவன் யோசித்துப் பார்த்தான். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. தனக்கு மறந்துபோனதை உடம்பு முப்பது வருஷமாக ஞாபகம் வைத்திருக்கிறது என்பது வேடிக்கையாக இருந்தது. வயிறு நிறைந்த கிறக்கத்தில் கண் சொருகியது.

ஒரு சின்ன ஊர் தெரிந்தது. தெருவெல்லாம் வெயில், வீடுகள் எல்லாம் சாத்திக் கிடந்தன. ஆள் அரவம் இல்லை. தீபாவளி லீவுத் திருப்பூர் மாதிரியே இருந்தது, ஆனால் அது தேஜஸ்ரீயின் உடம்பு என்று அவனுக்குத் தெரிந்தது. ஊர் எல்லையில் அவனுடைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். பத்துப் பதினைந்து பேர், வெறுங்கால், தோளில் துண்டு, எல்லாருக்கும் அவன் முகச்சாயல். வேலோ வில்லோ ஒன்றும் கையில் இல்லை. முதல் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஏனுங்க, இங்கே புதுசா யாராவது குடி வந்திருக்காங்களா என்று மரியாதையாக விசாரித்தார்கள். உள்ளிருந்து இல்லை என்று குரல் வந்ததும் செருப்புப் போடும் இடத்தைக்கூட மிதிக்காமல் அடுத்த வீட்டுக்குப் போனார்கள். இப்படியே வீடு வீடாக. ஒரு வீட்டில் மட்டும் பதில் வரவில்லை. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் துண்டை இடுப்பில் கட்டினான். அந்த நேரம் பார்த்து சித்ராதேவி முடிந்தது என்று எழுப்பிவிட்டாள்.

அன்று சாயந்திரம் ஆஸ்பத்திரி வரவேற்பறை டிவியில் சூரசம்ஹாரம் ஓடியது. சுற்றி இருந்தவர்கள் எழுந்து கும்பிட்டார்கள். முருகவேல் மடியில் தயிர்சாதப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தான். குற்றவுணர்ச்சி நெஞ்சை அறுத்தது. ஆனாலும் கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டான்.

அடுத்த நாள் அந்த அணுக்கள் வந்தன. ஏதோ பெரிதாக வரும் என்று கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்தான். வந்தது விரல் தடிமன் சிரிஞ்சில் கொஞ்சம் கலங்கல் தண்ணீர். பத்து நிமிஷத்தில் ஏற்றி முடித்துவிட்டார்கள். தேஜஸ்ரீ கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். இதுவும் எல்லாக் குழந்தைக்கும் கேட்கும் என்று உத்தரவாதம் கிடையாது என்று அனுப்பிரியா முன்பே சொல்லியிருந்தாள். இரண்டு மூன்று வாரம் பார்க்க வேண்டும், அந்த அணுக்கள் அவள் உடம்பையே எதிர்த்தால் தோலில் தடிப்பு வரும், அதையும் பார்க்க வேண்டும்.

திருப்பூர் திரும்பி வந்தது. வண்டிகள் வந்தன, டீக்கடை பெஞ்சு நிறைந்தது, பன்னிரண்டு மெஷினும் ஓடின. முருகவேல் மூன்று வேளையும் சாப்பிட்டான். முதல் வாரம் வைரஸ் அளவு அப்படியே இருந்தது. பத்தாம் நாள் கொஞ்சம் குறைந்தது. கொஞ்சம் குறைந்ததை நம்பலாமா கூடாதா என்று அவனுக்குத் தெரியவில்லை. அப்பனுக்காகத்தான் அவள் வாயைத் திறந்தாள். தட்டைக் காட்டினால் சாப்பிட்டாள், காட்டாவிட்டால் இல்லை. அதனால் மூன்று வேளையும் ஃபோன் முன்னால் உட்கார்ந்தே சாப்பிட்டான்.

பதினெட்டாம் நாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கும்போதே ஜெயபாரதி கூப்பிட்டாள். மெஷின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. நூல் மூட்டை அடுக்கிய அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினான். அந்தப் பக்கம் தேஜஸ்ரீ வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள்.

"என்னாச்சு, சொல்லு."

"ஒண்ணுமில்லீங்க. பசிக்குதாமா. கஞ்சி வர்றதுக்குப் பத்து நிமிஷம் லேட்டாயிருச்சு, அதுக்குத்தான் இந்தப் பாடு. நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன், கேக்க மாட்டேங்குறா." அவள் சலித்துக்கொண்டாள், சலிப்புக்கு நடுவில் குரல் உடைந்தது. "நீங்களே பேசிச் சமாதானம் பண்ணுங்க."

முருகவேல் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தான். "சமாதானம் வேண்டாம். ஃபோன வெச்சுராதே," என்றான்.

அவள் வைக்கவில்லை. பிள்ளை பசிக்குது பசிக்குது என்று அழுவதை அவன் காதோடு வைத்து ஒரு சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு கதவு திறந்தது, கிண்ணம் வந்தது, ஸ்பூன் இடித்தது. அழுகை நின்றது. அதற்கப்புறம்தான் முருகவேல் அழுதான்.